பெனி லிஞ்ச்

பெனி லிஞ்ச் (ஏப்ரல் 2, 1913 - ஆகஸ்ட் 6, 1946) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர் ஆவார். 1930களில் ஃபிளைவெயிட் எடைப்பிரிவில் உலக சாம்பியனாக விளங்கினார். பன்னாட்டு அளவில் ஏற்கப்பட்ட உலகப் பட்டத்தை வென்ற முதல் ஸ்காட்லாந்து வீரர் இவரே. 1935 ஆம் ஆண்டில் பட்டத்தை வென்ற இவர், 1937 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தரப்பின் சாம்பியனையும் தோற்கடித்து, பிளவுபட்டிருந்த பட்டத்தை ஒன்றாக்கினார். உலகப் பட்டத்துக்கான ஆட்டம் எதிலும் இவர் தோற்றதில்லை. ஆயினும் 1938 ஆம் ஆண்டில் எடை வரம்பைத் தாண்டியதால் பட்டத்தை இழந்தார். இவரது பட்டம் பறிபோனது குத்துச்சண்டை மேடையில் அன்று, எடை பார்க்கும் தராசில் ஆகும். அதன்பின் எட்டு ஆண்டுகளில், தமது 33 ஆவது வயதில் காலமானார்.

ஃபிளைவெயிட் எடைப்பிரிவு

குத்துச்சண்டையில் வீரர்கள் உடல் எடையின் அடிப்படையில் பிரிக்கப்படுகின்றனர். லிஞ்சின் காலத்தில் உலகப் பட்டம் வழங்கப்பட்ட பிரிவுகளுள் மிகவும் குறைந்த எடையுடையது ஃபிளைவெயிட் ஆகும். இதன் உச்ச வரம்பு 112 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 50.8 கிலோகிராம். இதற்கு அடுத்த பிரிவான பாண்டம்வெயிட்டின் உச்ச வரம்பு 118 பவுண்டு. இவ்விரண்டுக்கும் இடையில் 115 பவுண்டு வரம்புடைய சூப்பர் ஃபிளைவெயிட் பிரிவு 1980 ஆம் ஆண்டில்தான் உருவாக்கப்பட்டது. எனவே 1930களில் 112 பவுண்டைத் தாண்டிய ஒரு வீரர், தம்மைவிட ஆறு பவுண்டு வரை கூடுதல் எடையுள்ளவர்களுடன் மோத வேண்டியிருந்தது.

பட்டத்துக்கான ஆட்டம் நடைபெறும் நாளிலேயே வீரர்களின் எடை பார்க்கப்பட்டது. வரம்பைத் தாண்டிய சாம்பியன் தமது பட்டத்தை இழப்பார். எடையைக் குறைப்பதற்காக வீரர்கள் கனத்த ஆடைகளுடன் ஓடி வியர்வையை வெளியேற்றுவதும், உணவையும் நீரையும் தவிர்ப்பதும் வழக்கமாக இருந்தது. இதனால் சிலர் சோர்ந்த நிலையிலேயே மேடை ஏறினர். இதைத் தவிர்க்க, சாம்பியன்கள் பெரும்பாலான ஆட்டங்களை வரம்பைவிடச் சற்றுக் கூடுதலான எடையில், பட்டத்தைப் பணயம் வைக்காமல் ஆடினர். லிஞ்சின் தோல்விகள் பட்டத்தைப் பாதிக்காமல் இருந்ததற்கும், இறுதியில் பட்டம் பறிபோனதற்கும் இந்த விதிமுறையே காரணமாகும்.

பிறப்பும் இளமையும்

லிஞ்ச் கிளாஸ்கோ நகரின் கார்பல்ஸ் பகுதியில், ஃபுளோரன்ஸ் தெருவில் பிறந்தார். இவரது குடும்பம் அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கக் குடும்பமாகும். கிளைட் ஆற்றின் தென்கரையில் அமைந்த கார்பல்ஸ், அக்காலத்தில் பிரித்தானியாவின் மிக நெரிசலான தொழிலாளர் குடியிருப்புகளுள் ஒன்றாக இருந்தது. அயர்லாந்திலிருந்தும், ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்களிலிருந்தும், கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் குடிபெயர்ந்த மக்கள் அங்கு வாழ்ந்தனர். கல்லால் கட்டப்பட்ட பல மாடிக் கட்டடங்களில் ஓரிரு அறைகளில் ஒரு குடும்பம் முழுவதும் வசிப்பது இயல்பாக இருந்தது. கழிப்பறைகளைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்டன.

லிஞ்சின் சிறுவயதிலேயே பெற்றோரின் மணவாழ்க்கை முறிந்தது. இவருக்கு நெருக்கமாக இருந்த அண்ணனும் இளம் வயதிலேயே மூளையுறை அழற்சி நோயால் இறந்தார். லிஞ்ச் வேலைக்குச் செல்லும் வயதை அடைந்தபோது உலகப் பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கியிருந்தது. கிளைட் ஆற்றங்கரைக் கப்பல் கட்டும் தளங்களையே நம்பியிருந்த கிளாஸ்கோவை அது கடுமையாகத் தாக்கியது. பின்னாளில் குயீன் மேரி எனப் பெயரிடப்பட்ட பெரும் பயணிகள் கப்பலின் கட்டுமானம் 1931 டிசம்பரில் நிறுத்தப்பட்டு, 1934 ஏப்ரலில்தான் மீண்டும் தொடங்கியது. இச்சூழலில் கார்பல்ஸ் இளைஞர்களுக்குக் குத்துச்சண்டை ஒரு விளையாட்டாக மட்டுமன்றி, சில ஷில்லிங்குகளை ஈட்டும் வழியாகவும் இருந்தது.

கொட்டகைகளில் பெற்ற பயிற்சி

அக்காலத்தில் பிரித்தானியத் திருவிழாச் சந்தைகளில் குத்துச்சண்டைக் கொட்டகைகள் இடம்பெற்றன. கொட்டகையின் முன் மேடையில் வீரர்கள் வரிசையாக நிற்பர். அவர்களுடன் மோத விரும்புவோர் கூட்டத்திலிருந்து முன்வரலாம். குறிப்பிட்ட சுற்றுகள் வரை தாக்குப்பிடிப்பவருக்குச் சிறு தொகை பரிசாக வழங்கப்படும். கொட்டகை வீரர் ஒரே நாளில் பலருடன் மோத வேண்டியிருக்கும். எதிராளியின் எடையோ திறமையோ முன்கூட்டியே தெரியாது.

கிளாஸ்கோவின் வினிகர்ஹில் பகுதியில் இருந்த கொட்டகைகளில் லிஞ்ச் இளம் வயதிலேயே ஆடத் தொடங்கினார். எடை கூடியவர்களின் குத்துகளிலிருந்து தப்புவதையும், அவர்களின் தவறுகளைப் பயன்படுத்திக் கொள்வதையும் அங்குதான் கற்றார். இந்த ஆட்டங்கள் பெரும்பாலும் பதிவு செய்யப்படவில்லை. எனவே லிஞ்ச் மொத்தம் எத்தனை ஆட்டங்கள் ஆடினார் என்பதில் பதிவேடுகளுக்கிடையே வேறுபாடு காணப்படுகிறது. தொழில்முறையில் நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டங்களில் பங்கேற்றார் என்பது உறுதி.

லிஞ்சின் திறமையை இனங்கண்டு வளர்த்தவர் சாமி வில்சன் ஆவார். பந்தயத் தரகரான இவர் கிளாஸ்கோவில் ஒரு குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடத்தையும் நடத்தி வந்தார். லிஞ்சின் பயிற்சியாளராகவும் மேலாளராகவும் இருந்த வில்சன், உணவு, உறக்கம், ஓட்டம் ஆகிய அனைத்திலும் ஒழுங்கை வலியுறுத்தினார். லிஞ்ச் உலகப் பட்டம் வெல்லும் வரையிலான காலம் முழுவதும் வில்சனின் கண்காணிப்பிலேயே அமைந்தது.

தொழில்முறை ஆட்டத்தின் தொடக்கம்

லிஞ்ச் 1931 ஆம் ஆண்டில் தமது 18 ஆவது வயதில் தொழில்முறை வீரரானார். தொடக்க ஆண்டுகளில் மிகக் குறுகிய இடைவெளிகளில் பல ஆட்டங்களை ஆடினார். சிலவற்றில் தோல்வியும் அடைந்தார். 1933 ஆம் ஆண்டுக்குப் பின் இவரது ஆட்டத்தில் தெளிவான முன்னேற்றம் ஏற்பட்டது.

மே 16, 1934 அன்று ஜிம் கேம்ப்பெல் என்பவரை 15 சுற்றுகளில் புள்ளிகள் அடிப்படையில் வென்று, ஸ்காட்லாந்து ஃபிளைவெயிட் பட்டத்தைப் பெற்றார். அதே ஆண்டில் ஐரோப்பாவின் முன்னணி வீரர்கள் சிலரையும் வென்றார். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்ற இத்தாலியின் கார்லோ கவஞோலி, பிரான்சின் வலென்டீன் ஆஞ்செல்மான் ஆகியோர் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். இவ்வெற்றிகளால் லிஞ்ச் உலகப் பட்டத்துக்குப் போட்டியிடத் தகுதியுள்ளவராகக் கருதப்பட்டார்.

அப்போதைய சாம்பியன் மான்செஸ்டரைச் சேர்ந்த ஜாக்கி பிரவுன் ஆவார். இவர் 1932 அக்டோபரில் துனீசியாவின் விக்டர் பெரசை வென்று பட்டத்தைப் பெற்றவர். 1935 மார்ச்சில் கிளாஸ்கோவில் லிஞ்சும் பிரவுனும் முதன்முறையாக மோதினர். பட்டம் பணயம் வைக்கப்படாத இந்த ஆட்டம் சமநிலையில் முடிந்தது. சாம்பியனுக்கு இணையாக ஆடியதால், பட்டத்துக்கான ஆட்டத்தை லிஞ்சுக்கு மறுக்க இயலாத நிலை உருவானது.

உலக சாம்பியன்

செப்டம்பர் 9, 1935 அன்று மான்செஸ்டரின் பெல் வியூ அரங்கில் இருவரும் மீண்டும் மோதினர். இம்முறை பிரித்தானியப் பட்டமும் உலகப் பட்டமும் பணயமாக வைக்கப்பட்டன. பிரவுன் தமது சொந்த ஊர் மக்களின் முன்னிலையில் ஆடினார். அனுபவத்தாலும் அவரே மேம்பட்டவராகக் கருதப்பட்டார்.

ஆட்டம் தொடங்கியவுடன் லிஞ்ச் முன்னேறித் தாக்கினார். முதல் சுற்றிலேயே பிரவுன் கீழே வீழ்ந்தார். எழுந்து நின்றவரை லிஞ்ச் மீண்டும் மீண்டும் வீழ்த்தினார். இரண்டு சுற்றுகளுக்குள் பிரவுன் எட்டு முறையாவது தரையில் வீழ்ந்ததாகக் கணக்கிடப்படுகிறது. இரண்டாவது சுற்றின் நடுவே, பிரவுன் தொடர்ந்து ஆடும் நிலையில் இல்லாததால் ஆட்டம் நிறுத்தப்பட்டது. மொத்த ஆட்டமும் ஐந்து நிமிடங்களுக்குள் முடிவடைந்தது. அப்போது லிஞ்சின் வயது 22.

லிஞ்சுக்கு முன்னர் ஸ்காட்லாந்தின் ஜானி ஹில் 1928 ஆம் ஆண்டில் உலக சாம்பியன் எனப் பிரித்தானியாவில் ஏற்கப்பட்டிருந்தார். ஆனால் அவ்வுரிமை பிற நாடுகளில் பரவலாக ஏற்கப்படவில்லை. 1929 ஆம் ஆண்டில் அவர் இளம் வயதிலேயே இறந்தார். எனவே லிஞ்சின் வெற்றி ஸ்காட்லாந்து மக்களால் தமது முதல் உலகப் பட்டமாகக் கொண்டாடப்பட்டது. அவர் ஊர் திரும்பியபோது கிளாஸ்கோ மத்திய தொடருந்து நிலையத்திலும் சுற்றுத் தெருக்களிலும் பல்லாயிரக்கணக்கானோர் திரண்டனர். வேலையின்மையால் வாடிய நகரில், கார்பல்ஸ் தெருவொன்றில் பிறந்த இளைஞர் உலக சாம்பியனானது அம்மக்களின் தனிப்பட்ட வெற்றியாகவே கருதப்பட்டது.

பட்டம் வென்றபின் லிஞ்சுக்கும் சாமி வில்சனுக்கும் இடையே கருத்து வேறுபாடு தோன்றி இருவரும் பிரிந்தனர். இப்பிரிவு லிஞ்சின் வாழ்வில் முக்கியமான திருப்பமாகும். வில்சனுக்குப் பின் வந்த எவராலும் லிஞ்சின் அன்றாட ஒழுங்கைக் கட்டுப்படுத்த இயலவில்லை. இதே காலத்தில் அவரது மதுப்பழக்கமும் அதிகரித்தது. லிஞ்சுடன் ஒன்றாக அமர்ந்து குடிப்பதைப் பெருமையாகக் கருதியவர்கள் கிளாஸ்கோவில் எங்கும் இருந்தனர்.

1936 மார்ச்சில் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜிம்மி வார்னாக் என்ற இடதுகை வீரரிடம் லிஞ்ச் புள்ளிகள் அடிப்படையில் தோற்றார். பட்டம் பணயம் வைக்கப்படாததால் அவர் சாம்பியனாகவே நீடித்தார். செப்டம்பர் 16, 1936 அன்று கிளாஸ்கோவின் ஷாஃபீல்ட் பார்க் மைதானத்தில் லண்டனைச் சேர்ந்த பாட் பாமரை எட்டாவது சுற்றில் நாக்-அவுட் செய்து பட்டத்தைத் தக்கவைத்தார்.

பிளவுபட்ட பட்டத்தை ஒன்றாக்குதல்

அமெரிக்க வீரர் ஃபிடல் லபார்பா 1927 ஆம் ஆண்டில் உலக ஃபிளைவெயிட் பட்டத்தைத் துறந்து, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் படிக்கச் சென்றார். அதன்பின் பட்டத்துக்கு ஒரே உரிமையாளர் இல்லாமற் போனது. வெவ்வேறு குத்துச்சண்டை அமைப்புகள் வெவ்வேறு வீரர்களைச் சாம்பியன்களாக அறிவித்தன. லிஞ்ச் பட்டம் வென்றபோதும் இந்நிலையே தொடர்ந்தது. அமெரிக்காவில் பிலிப்பைன்ஸைச் சேர்ந்த ஸ்மால் மொன்டானா சாம்பியனாக ஏற்கப்பட்டிருந்தார். பெஞ்சமின் கான் என்ற இயற்பெயர் கொண்ட இவர், வேகமான கால் அசைவுகளுக்குப் பெயர்பெற்றவர்.

ஜனவரி 19, 1937 அன்று லண்டனின் வெம்பிளி அரங்கில் லிஞ்சும் மொன்டானாவும் மோதினர். ஆட்டம் 15 சுற்றுகளும் முழுமையாக நடைபெற்றது. இருவரும் மிக நுணுக்கமான ஆட்டத்தை வெளிப்படுத்தினர். அக்காலப் பிரித்தானிய விதிகளின்படி நடுவர் ஒருவரே புள்ளிகளை வழங்கி முடிவை அறிவிப்பார். முடிவில் லிஞ்ச் வென்றதாக அறிவிக்கப்பட்டது. இதன்மூலம் ஏறத்தாழ பத்து ஆண்டுகளாகப் பிளவுபட்டிருந்த பட்டம் ஒன்றானது. பலத்த குத்துகளால் மட்டுமன்றி, சமயோசித அறிவாலும் ஒரு பெரும் ஆட்டத்தை வெல்ல முடியும் என்பதை லிஞ்ச் இந்த ஆட்டத்தில் நிறுவினார்.

ஆனால் இவ்வெற்றிக்குப் பின்னரும் அவரது பயிற்சியில் ஒழுங்கு நிலைக்கவில்லை. 1937 ஜூனில் கிளாஸ்கோவின் செல்டிக் பார்க் மைதானத்தில் ஜிம்மி வார்னாக்கிடம் இரண்டாம் முறையாகத் தோற்றார். இதிலும் பட்டம் பணயமாக இல்லை.

பீட்டர் கேனுடனான ஆட்டம்

லிஞ்சின் மிகச் சிறந்த ஆட்டமாகப் பலரும் கருதுவது, அக்டோபர் 13, 1937 அன்று ஷாஃபீல்ட் பார்க் மைதானத்தில் நடைபெற்ற ஆட்டமாகும். இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியிலுள்ள கோல்போர்ன் ஊரைச் சேர்ந்த பீட்டர் கேன் அதில் அவரை எதிர்த்தார். கொல்லர் தொழில் செய்த கேனுக்கு அப்போது வயது 19. அதுவரை ஆடிய நாற்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்களில் ஒன்றில்கூட அவர் தோற்றதில்லை. ஏறத்தாழ 40,000 பேர் திறந்தவெளி மைதானத்தில் கூடியிருந்தனர்.

ஆட்டம் தொடங்கிய சில நொடிகளில் லிஞ்ச் கேனைத் தரையில் வீழ்த்தினார். ஆனால் கேன் உடனே எழுந்து எதிர்த்தாக்குதல் நடத்தினார். தொடர்ந்த சுற்றுகளில் இருவரும் கடுமையாக மோதினர். நடுச் சுற்றுகளில் கேனின் கை ஓங்கியது. பதற்றமின்றிக் காத்திருந்த லிஞ்ச், கேனின் வேகம் தளரத் தொடங்கியதும் மீண்டும் தாக்கினார். 13 ஆவது சுற்றில் கேனை நாக்-அவுட் செய்து வென்றார். உலகப் பட்டத்துக்காக அவர் முறையாக எடை வரம்புக்குள் வந்து ஆடிய கடைசி ஆட்டம் இதுவே.

1938 மார்ச்சில் லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் இருவரும் மீண்டும் மோதினர். பட்டம் பணயமின்றி நடைபெற்ற அந்த ஆட்டம் சமநிலையில் முடிந்தது.

பேஸ்லி நிகழ்வும் பட்டத்தை இழத்தலும்

ஜூன் 29, 1938 அன்று கிளாஸ்கோவுக்கு அருகிலுள்ள பேஸ்லி நகரில், செயின்ட் மிரன் கால்பந்துக் கழகத்தின் மைதானத்தில் லிஞ்ச் தமது பட்டத்தைப் பாதுகாக்க வேண்டியிருந்தது. எதிராளி கலிஃபோர்னியாவைச் சேர்ந்த இளம் வீரர் ஜாக்கி ஜூரிச் ஆவார்.

எடை பார்க்கப்பட்டபோது லிஞ்சின் எடை 118.5 பவுண்டாக இருந்தது. இது வரம்பைவிட 6.5 பவுண்டு அதிகம். அடுத்த பிரிவான பாண்டம்வெயிட்டின் வரம்பையும் அவர் அரை பவுண்டு தாண்டியிருந்தார். ஓரிரு பவுண்டு கூடியிருந்தால் வியர்வை வெளியேற்றிச் சில மணி நேரத்தில் குறைத்திருக்கலாம். இந்த அளவு எடையை அவ்வாறு குறைக்க வழியில்லை. தராசில் நின்ற அக்கணத்திலேயே அவர் உலகப் பட்டத்தையும் பிரித்தானியப் பட்டத்தையும் இழந்தார்.

ஆட்டம் பட்டமின்றி நடைபெற்றது. அதில் லிஞ்ச் ஜூரிச்சைப் பலமுறை வீழ்த்தி, 12 ஆவது சுற்றில் நாக்-அவுட் செய்தார். பட்டத்தை இழந்த அதே நாளில் பட்டத்துக்கான எதிராளியை அவர் தோற்கடித்தார். ஆட்டத்தில் வென்றவருக்குப் பட்டம் இல்லை. தோற்றவருக்கோ அதை வெல்லும் வாய்ப்பு மீண்டும் கிடைத்தது. காலியான பட்டத்துக்காக 1938 செப்டம்பரில் பீட்டர் கேனும் ஜூரிச்சும் மோதினர். கேன் வென்று உலக சாம்பியனானார். லிஞ்சிடம் நாக்-அவுட் ஆன இருவருக்கிடையே அவரது பட்டம் முடிவு செய்யப்பட்டது.

எடை கூடியதற்கு மதுப்பழக்கமே முதன்மைக் காரணமாகச் சொல்லப்படுகிறது. வயது ஏறும்போது உடல் இயல்பாகவே கனத்தது என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். 18 வயதில் 112 பவுண்டுக்குள் இருந்தவர் 25 வயதில் அதே எடையைப் பேணுவதற்குக் கடுமையான கட்டுப்பாடு தேவை. அக்கட்டுப்பாட்டை மது தகர்த்தது. ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் குறுகிய காலத்தில் பெருமளவு எடையைக் குறைத்து, பின்னர் மீண்டும் குடிப்பது என்ற சுழற்சி அவரது உடலைச் சீரழித்தது.

இறுதி ஆட்டங்கள்

பட்டத்தை இழந்தபின் லிஞ்ச் இரண்டு ஆட்டங்களே ஆடினார். 1938 செப்டம்பர் இறுதியில் அமெரிக்க வீரர் மோர்கனிடம் கிளாஸ்கோவில் புள்ளிகள் அடிப்படையில் தோற்றார். ஒரு வாரத்துக்குள், அக்டோபர் 3, 1938 அன்று லண்டனில் ருமேனியாவின் ஆவுரேல் தோமாவுடன் மோதினார். போதிய பயிற்சியின்றி, முன்னைய வேகத்தை முற்றிலும் இழந்த நிலையில் மேடையேறிய லிஞ்ச், ஐந்தாவது சுற்றில் நாக்-அவுட் ஆனார். அவரது வாழ்வில் நாக்-அவுட் முறையில் அடைந்த ஒரே தோல்வி இது. அதுவே அவரது கடைசித் தொழில்முறை ஆட்டமாகவும் அமைந்தது. அப்போது அவருக்கு வயது 25.

ஓய்வும் மறைவும்

மதுவிலிருந்து விடுபட லிஞ்ச் பலமுறை முயன்றார். அயர்லாந்திலுள்ள மவுண்ட் மெல்லரி மடாலயத்தில் சில காலம் தங்கியது அம்முயற்சிகளுள் ஒன்று. மீண்டும் களமிறங்க அவர் விரும்பியபோதிலும், மருத்துவக் காரணங்களால் அவருக்கு உரிமம் மறுக்கப்பட்டது. பின்னர் தாம் வளர்ந்த குத்துச்சண்டைக் கொட்டகைகளிலேயே பணத்துக்காக ஆடும் நிலைக்கு வந்தார். அவரது மணவாழ்க்கையும் முறிந்தது. ஈட்டிய செல்வம் முழுவதும் கரைந்து வறுமையில் வாழ்ந்தார்.

ஆகஸ்ட் 6, 1946 அன்று கிளாஸ்கோவில் மருத்துவமனையில் லிஞ்ச் காலமானார். ஊட்டக்குறைவும் அதனால் கடுமையடைந்த நுரையீரல் பாதிப்பும் மரணத்துக்குக் காரணமாயின. எடையைக் குறைக்க இயலாததால் பட்டத்தை இழந்தவர், இறுதியில் உணவின்றி மெலிந்து இறந்தார். அவரது உடல் கிளாஸ்கோவின் செயின்ட் கென்டிகர்ன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

உலகப் பட்டத்துக்கான ஆட்டங்கள்

1935, மான்செஸ்டர்: ஜாக்கி பிரவுன் - இரண்டாவது சுற்றில் வெற்றி
1936, கிளாஸ்கோ: பாட் பாமர் - எட்டாவது சுற்றில் வெற்றி
1937, லண்டன்: ஸ்மால் மொன்டானா - 15 சுற்றுகள், புள்ளிகளில் வெற்றி
1937, கிளாஸ்கோ: பீட்டர் கேன் - 13 ஆவது சுற்றில் வெற்றி
1938, பேஸ்லி: ஜாக்கி ஜூரிச் - 12 ஆவது சுற்றில் வெற்றி (எடை வரம்பைத் தாண்டியதால் பட்டம் இழப்பு)

மதிப்பீடு

லிஞ்ச் இரு கைகளாலும் சம ஆற்றலுடன் குத்தக்கூடியவர். எதிராளியின் உடற்பகுதியைத் தாக்கி அவரது கைகளைத் தாழச் செய்து, பின் தாடையைக் குறிவைப்பது இவரது சிறப்பான உத்தியாகும். சிறிய எடைப்பிரிவில் நாக்-அவுட் வெற்றிகள் அரிதாகக் கருதப்பட்ட காலத்தில் இவர் அவற்றை ஏராளமாகப் பெற்றார். பிரித்தானியா உருவாக்கிய மிகச் சிறந்த ஃபிளைவெயிட் வீரர்களுள் வேல்ஸின் ஜிம்மி வைல்டுக்கு அடுத்து லிஞ்சின் பெயர் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது.

லிஞ்சுக்குப் பின் ஸ்காட்லாந்தின் ஜாக்கி பேட்டர்சன் 1943 ஜூனில் பீட்டர் கேனை 61 நொடிகளில் வென்று அதே பட்டத்தைப் பெற்றார். அவரும் எடைப் பிரச்சினைக்கு ஆளானார். 1947 ஆம் ஆண்டில் ஒரு பட்ட ஆட்டத்துக்காக எடையைக் குறைக்க முயன்றபோது மயங்கி விழுந்தார். 1966 ஆம் ஆண்டில் வால்டர் மக்கோவன் இப்பட்டத்தை வென்ற மற்றொரு ஸ்காட்லாந்து வீரரானார்.

லிஞ்சின் வாழ்வை அடிப்படையாகக் கொண்டு நாடக ஆசிரியர் பில் பிரைடன் எழுதிய நாடகம் 1974 ஆம் ஆண்டில் அரங்கேறியது. 1998 ஆம் ஆண்டில் பன்னாட்டுக் குத்துச்சண்டைப் புகழ் மண்டபத்தில் லிஞ்சின் பெயர் சேர்க்கப்பட்டது. கிளாஸ்கோவில் அவர் முதன்மையாக நினைவுகூரப்படுவது, அந்நகரின் மிகக் கடினமான ஆண்டுகளில் அதன் மக்களுக்குக் கிடைத்த சாம்பியனாகவே ஆகும்.